காதல் நூலும் காவல்துறையும்: நாகரத்தினம்மாள் விட்டுச்சென்ற கேள்வி

(மைசூருவில் தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்கள் கூடிய வாசிப்பு அரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2011ஆம் ஆண்டு ஈ.எல். ஜேம்ஸ் என்ற பிரிட்டன் பெண் எழுத்தாளரின் ‘ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே’ என்ற நாவல் வெளிவந்தது. அதனைத் தொடர்ந்து வந்த நூல்களையும் சேர்த்தால், அந்த வரிசை உலகெங்கும் 15 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. ஒரு கல்லூரி மாணவிக்கும் ஓர் இளம் கோடீஸ்வரனுக்கும் இடையிலான காமம் தோய்ந்த காதலே அதன் கதை. அந்த உறவில் அவள் எதற்கெல்லாம் கட்டுப்பட வேண்டும் என்று வரையறுத்து, அவன் அவளிடம் ஓர் ஒப்பந்தப் பத்திரத்தை நீட்டுகிறான்.

இந்த நூல்களைப் பற்றி வாசகர்கள் ஒன்றுபட்ட கருத்துக் கொள்ளவில்லை. ‘பெண்கள் தங்கள் இச்சையைப் பற்றி வெட்கமின்றிப் படிக்கவும் பேசவும் இடம் கிடைத்தது’ என்றனர் ஒரு சாரார். ‘ஆணின் ஆதிக்கத்தையும் கண்காணிப்பையும் காதல் என்று பெயர் சூட்டி விற்கிறார்கள்’ என்றனர் மற்றொரு சாரார். ‘எழுத்தே மட்டமானது, இதற்கு இத்தனை விவாதமா?’ என்று ஒதுங்கியவர்களும் உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஒரு மாவட்டப் பொது நூலகங்கள் 2012இல் இந்த நூலை அடுக்கிலிருந்து எடுத்துவிட்டு, எதிர்ப்பு எழுந்ததும் மீண்டும் வைத்தன. அதே ஆண்டில் பிரிட்டனில், குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்குத் துணைநிற்கும் ஓர் அமைப்பே இந்நூலைத் தீயிலிட அழைப்பு விடுத்தது. இந்தியாவில் நூல் தடையின்றி விற்றது. ஆனால் அதனைத் தழுவிய திரைப்படத்துக்கு 2015இல் தணிக்கை வாரியம் சான்றிதழ் மறுத்தது.

இந்தச் சர்ச்சையில் இடதுசாரிகள் எந்தப் பக்கம் நிற்பது? ‘இது முதலாளித்துவச் சீரழிவு’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டு வேறு வேலைக்குப் போவது எளிது. ஆனால் அந்த எளிய விடை சில வேளைகளில் யாருடைய கையில் ஆயுதமாகிறது என்பதற்கு, இந்த மைசூரு மண்ணோடு தொடர்புடைய ஒரு வரலாறு சான்றாக இருக்கிறது.

நஞ்சன்கூட்டில் பிறந்தவர்

மைசூருவிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவில், கபினி ஆற்றங்கரையில் உள்ளது நஞ்சன்கூடு. 1878ஆம் ஆண்டு அங்கே, தேவதாசி மரபைச் சேர்ந்த புட்டலட்சுமி என்பவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. தந்தை ஒரு வழக்கறிஞர். அவர் தாயையும் சேயையும் கைவிட்டார். குழந்தைக்கு மைசூருவில் வடமொழியும் இசையும் கற்பிக்கப்பட்டன. கன்னடத்தோடு தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் அவர் தேர்ச்சி பெற்றார். பின்னாளில் பெங்களூர் நாகரத்தினம்மாள் என்று தென்னாடு முழுவதும் அறியப்பட்ட இசைக் கலைஞர் அவரே.

தமிழ் மக்களுக்கு அவர் பெயர் பெரும்பாலும் திருவையாற்றோடு சேர்ந்தே நினைவுக்கு வரும். தியாகராசரின் சமாதிக்குத் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் கோயில் எழுப்பியவர் அவர். ஆராதனையில் பெண்கள் பாடுவதற்கு இடமில்லாதிருந்த காலத்தில், பெண் கலைஞர்களைத் திரட்டி அந்த உரிமையை நிலைநாட்டியவரும் அவரே. ஆயினும் அவர் நடத்திய இன்னொரு போராட்டம் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. அது ஒரு காதல் நூலுக்காக நடத்திய போராட்டம்.

தஞ்சை அரசவையில் எழுந்த காவியம்

18ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர் பிரதாபசிம்மனின் அவையில் முத்துப்பழனி என்ற கணிகையர் குலப் பெண் கவிஞர் வாழ்ந்தார். தஞ்சை அவையில் அப்போது தெலுங்கு, இலக்கிய மொழியாகச் செழித்திருந்தது. ஆண்டாளின் திருப்பாவையைத் தெலுங்கில் தந்தவர் இவர். இவருடைய பெரும் படைப்பு ‘ராதிகா சாந்த்வனம்’. ராதையின் ஊடலைத் தணித்தல் என்று அதற்குப் பொருள்.

கதை இதுதான். தான் வளர்த்த இளாதேவி என்ற பெண்ணைக் கண்ணனுக்கு மணம் முடித்து வைக்கிறாள் ராதை. முதலிரவுக்கு முன் இருவருக்கும் அவளே அறிவுரையும் சொல்கிறாள். பிறகு, அவனைப் பிரிந்து பொறாமையிலும் தாபத்திலும் தானே வேகிறாள். கண்ணன் வந்து அவளைத் தேற்றுகிறான். சிருங்காரக் காவியங்கள் தெலுங்கில் அதற்கு முன்னும் நிறைய இருந்தன. அவற்றில் பெண் பெரும்பாலும் நுகரப்படும் பொருள். இங்கே விரும்புகிறவளும் கோபிக்கிறவளும் கேட்டுப் பெறுகிறவளும் பெண்ணாக இருக்கிறாள். நூலின் முகப்பில், தன் பாட்டி தஞ்சநாயகி தொடங்கித் தன் மரபின் பெண்களையும் தன் புலமையையும் முத்துப்பழனி பெருமிதத்தோடு எடுத்துரைக்கிறார். அவையடக்கம் கூறி நடுங்குகிற தொனி அங்கே இல்லை.

இந்தக் காவியம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அச்சேறியபோது, பதிப்பித்தவர்கள் சில பாடல்களை நீக்கிவிட்டனர். கவிஞர் தம்மைப் பற்றிச் சொன்ன பகுதியும் விடுபட்டது. உடலைப் பற்றிய வரிகளோடு, பெண்ணின் தன்வரலாறும் வெட்டப்பட்டது என்பது கவனத்துக்குரியது. நாகரத்தினம்மாள் முழுமையான சுவடியைத் தேடிப் பெற்று ஒப்பிட்டார். சென்னையின் வாவிள்ள ராமஸ்வாமி சாஸ்திருலு அண்ட் சன்ஸ் பதிப்பகத்தின் வழியாக 1910இல் முழு நூலையும் வெளிக்கொணர்ந்தார். எழுதியவர் ஒரு பெண் என்பதும், தம் குலத்தில் பிறந்தவர் என்பதும் தம்மை இப்பணிக்குத் தூண்டியதாக முன்னுரையில் அவர் குறிப்பிட்டார்.

சீர்திருத்தவாதியும் காலனி அரசும்

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது? சனாதனப் பழைமைவாதிகளிடமிருந்து என்று எளிதில் ஊகிக்கத் தோன்றும். உண்மை அவ்வளவு வசதியானதன்று. ஆந்திர மறுமலர்ச்சியின் தந்தை என்று போற்றப்படும் கந்துகூரி வீரேசலிங்கம் இந்நூலையும் ஆசிரியரையும் கடுமையாகப் பழித்தார். 1881இல் ராஜமுந்திரியில் விதவை மறுமணத்தை நடத்திக் காட்டிய துணிவு மிக்க சீர்திருத்தவாதி அவர். பெண்கல்விக்காகப் பாடுபட்டவர். அவருடைய தொண்டுகளை எந்த முற்போக்காளரும் குறைத்து மதிப்பிட முடியாது. அத்தகையவரே, முத்துப்பழனியை ஒழுக்கம் கெட்டவர் என்றும், இந்நூலின் சில பகுதிகள் ஒரு பெண்ணின் வாயிலிருந்து வருவது இருக்கட்டும், பெண்ணின் காதில் விழவும் தகாதவை என்றும் எழுதினார்.

நாகரத்தினம்மாள் பணிந்து போகவில்லை. கூச்சமும் கண்ணியமும் பெண்களுக்கு மட்டும்தானா, ஆண்களுக்குக் கிடையாதா என்று அவர் திருப்பிக் கேட்டார். இதனைவிடப் பச்சையான சிருங்காரம் கொண்ட ‘வைஜயந்தி விலாசம்’ என்ற நூலை வீரேசலிங்கமே பரிசோதித்து அச்சுக்கு ஏற்றதென ஒப்புதல் அளித்திருந்தார் என்பதையும் சுட்டிக்காட்டினார். அந்த நூலை எழுதியவர் ஓர் ஆண். பழிக்கப்பட்டது காமமன்று, காமத்தைப் பேசிய பெண்குரலே என்பதை இதைவிடத் தெளிவாக எவராலும் நிறுவ முடியாது.

வாசகர்களுக்கும் புலவர்களுக்கும் இடையே இந்த விவாதம் நடந்து முடிந்திருந்தால், அது தெலுங்கு இலக்கியத்துக்கு நன்மையாகவே முடிந்திருக்கும். ஆனால் காலனி அரசு உள்ளே நுழைந்தது. அரசாங்க மொழிபெயர்ப்பாளர் ஆட்சேபகரமானவை எனக் கருதிய பாடல்களைப் பொறுக்கியெடுத்து ஆங்கிலத்தில் பெயர்த்தார். அதனடிப்படையில் 1911இல் நூல் ஆபாசமானதென அறிவிக்கப்பட்டது. காவல்துறை பிரதிகளைக் கைப்பற்றியது. வெளியீட்டாளரும் புலவர்களும் முறையிட்டும் பயனில்லை. சென்னை மாகாண முதல்வராகத் தங்குதூரி பிரகாசம் பொறுப்பு வகித்த காலத்தில்தான் தடை நீங்கியது. நூல் மீண்டும் அச்சேறியது 1952இல். அதே ஆண்டில் நாகரத்தினம்மாள் மறைந்தார்.

ஆக, ஏறக்குறைய 36 ஆண்டுகள் ஒரு பெண் கவிஞரின் குரல் சிறை வைக்கப்பட்டிருந்தது. அதற்கான முதல் கல்லை எறிந்தவர் ஒரு முற்போக்காளர். இந்த வரலாற்றின் கசப்பான படிப்பினை இதுவே. அடக்குமுறை அரசுக்குத் தேவைப்படும் ஒழுக்க நியாயத்தை, நல்லெண்ணம் படைத்த சீர்திருத்தவாதிகளே தயாரித்துக் கொடுத்துவிடக் கூடும்.

இங்கே ஒரு கேள்வி எழுவது இயல்பு. தேவதாசி முறை ஒரு நிலப்பிரபுத்துவச் சுரண்டல் அன்றோ? ஐயமே இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் அதனை ஒழிக்கப் போராடியது நியாயமான போராட்டம். 1947இல் சென்னை மாகாணத்திலும், 1982இல் கர்நாடகத்திலும் இயற்றப்பட்ட சட்டங்கள் அத்தகைய போராட்டங்களின் பயன். சட்டம் வந்த பிறகும் வறுமைக்கும் சாதிக்கும் பலியாகிப் பொட்டுக்கட்டப்பட்ட பெண்களின் மறுவாழ்வுக்காகக் கர்நாடகத்தில் இன்றும் போராட்டம் தொடர்கிறது. நாகரத்தினம்மாள் அன்றைய ஒழிப்பு முயற்சியை எதிர்த்தவர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை; அந்த நிலைப்பாட்டை விமர்சிக்கலாம். ஆனால் ஒரு சுரண்டல் முறையை ஒழிப்பது வேறு. அதற்குள் சிக்கியிருந்த பெண்கள் படைத்த கலையையும் அறிவையும் அழிப்பது வேறு. அடிமைத்தனத்தை வெறுப்பவர்கள் அடிமைகளின் பாடலைக் கொளுத்துவதில்லை.

‘மனைவியும் வேலைக்காரரும்’ படிக்கலாமா?

ஆபாசம் பற்றிய சட்டத்தின் வேரைத் தேடினால், அங்கே வர்க்கம் நிற்கிறது. 1868இல் இங்கிலாந்து நீதிமன்றம் ஒன்று ‘ஹிக்ளின்’ வழக்கில் ஓர் அளவுகோலை வகுத்தது. தீய தாக்கத்துக்கு எளிதில் ஆளாகும் மனங்களைக் கெடுக்கும் தன்மை ஒரு நூலுக்கு உண்டா, அது யாருடைய கைகளில் சென்று சேரக்கூடும் என்பதே அந்த அளவுகோல். கல்வியும் செல்வமும் உடைய ஆண் எதை வேண்டுமானாலும் படிக்கலாம். அவன் மனம் கெடாது. பெண்களும் இளைஞர்களும் உழைப்பாளிகளும் படித்தால்தான் ஆபத்து!

இந்தச் சிந்தனை 1960இல் லண்டனில் அப்பட்டமாக வெளிப்பட்டது. டி.எச். லாரன்சின் ‘லேடி சாட்டர்லிஸ் லவர்’ நாவலை வெளியிட்ட பெங்குவின் நிறுவனத்தின் மீது வழக்கு நடந்தது. சுரங்க முதலாளியின் மனைவிக்கும் அவனுடைய வனக்காவலாளிக்கும் இடையிலான உறவைச் சொல்வது அந்த நாவல். அதைப் பெங்குவின் மூன்றரை ஷில்லிங் விலையில் மலிவுப் பதிப்பாகக் கொண்டுவந்ததே முதன்மைச் சிக்கல். உங்கள் மனைவியோ வேலைக்காரரோ இந்நூலைப் படிப்பதை விரும்புவீர்களா என்று அரசு வழக்கறிஞர் நடுவர் குழுவைப் பார்த்துக் கேட்டார். அந்தக் குழுவில் பெண்களும் இருந்தனர். நூல் குற்றமற்றதெனத் தீர்ப்பாயிற்று. ஆனால் சுதந்திர இந்தியாவில், அதே நாவலை விற்றதற்காக ஒரு மும்பைப் புத்தகக் கடைக்காரருக்கு விதிக்கப்பட்ட தண்டனையை 1964இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஹிக்ளின் அளவுகோலை நம் உச்ச நீதிமன்றம் கைவிட்டது 2014இல்தான். காலனியச் சட்டத்தின் 292ஆவது பிரிவு, பாரதிய நியாய சன்ஹிதாவில் 294ஆவது பிரிவாக இன்றும் வாழ்கிறது.

திருச்செங்கோட்டின் பாடம்

இதெல்லாம் பழங்கதை என்று எண்ண வேண்டாம். 2002இல் வெளிவந்த குட்டி ரேவதியின் கவிதைத் தொகுப்பு, அதன் தலைப்புக்காகவே வசைகளையும் மிரட்டல்களையும் எதிர்கொண்டது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வெளியானது. குழந்தையில்லாத ஒரு தம்பதியின் துயரைச் சொல்லும் அந்த நாவலுக்கு எதிராக, 2014 டிசம்பரில் சாதிய, மதவாத சக்திகள் கிளர்ந்தெழுந்தன. திருச்செங்கோட்டில் நூல் எரிக்கப்பட்டது. 2015 ஜனவரியில் மாவட்ட நிர்வாகம் கூட்டிய அமைதிப் பேச்சுவார்த்தையில் எழுத்தாளர் நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்கும் நிலைக்குத் தள்ளப்பட்டார். எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்தார்.

அப்போது சென்னை உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டியவர்களில் தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் அன்றைய தலைவர் ச. தமிழ்ச்செல்வன் முன்னின்றார். 2016 ஜூலை 5ஆம் நாள் வந்த தீர்ப்பு, அந்தப் பேச்சுவார்த்தை முடிவு எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்றது. நூலைப் பிடிக்காதவர் அதனை மூடி வைத்துவிடலாம் என்றும், எழுத்தாளர் மீண்டும் எழுத வேண்டும் என்றும் சொன்னது. முற்போக்கு இயக்கம் பெருமை கொள்ளத்தக்க தருணம் அது. ‘மாதொருபாகன்’ மீது இலக்கிய விமர்சனம் உடையவர்களும் அந்த அணியில் நின்றார்கள் என்பதே அதன் சிறப்பு. நூலை விமர்சிக்கும் உரிமையும், நூல் வாழும் உரிமையும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை.

எப்படி வாசிப்பது?

அவ்வாறாயின், காமத்தைப் பேசும் எல்லா நூல்களும் நல்லவை என்று ஏற்றுக்கொள்வதா? இல்லை. 1883இல் ஏங்கெல்ஸ், பாட்டாளி வர்க்கக் கவிஞர் கியோர்க் வேர்த் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வேர்த்தின் கவிதைகளில் இருந்த ஆரோக்கியமான உடல் வேட்கையைப் பாராட்டியதோடு, ஜெர்மன் சோசலிஸ்டுகள் குட்டி முதலாளித்துவப் போலிக் கூச்சத்தை உதறிவிட்டு, இயற்கையான விஷயங்களை இயற்கையாகப் பேசப் பழக வேண்டும் என்றும் வலியுறுத்தினார். அடுத்த ஆண்டு வெளிவந்த ‘குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்’ என்ற நூலிலோ, சொத்துறவு ஆண் பெண் உறவை எவ்வாறு வணிகமாக்குகிறது என்பதை அம்பலப்படுத்தினார். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். காமத்தைக் கண்டு அஞ்சாமை முதல் பாடம். காமத்துக்குள் ஒளிந்திருக்கும் சொத்தையும் அதிகாரத்தையும் காணும் கண் இரண்டாம் பாடம்.

அந்தக் கண்ணோடு பார்த்தால், தொடக்கத்தில் சொன்ன ஆங்கில நாவல் வரிசையின் சிக்கல் அதில் காமம் இருப்பதன்று. அவனிடம் இருப்பவை நிறுவனமும் வானூர்தியும். அவளிடம் இருப்பது தேர்வு முடித்த பட்டம். இந்த ஏற்றத்தாழ்வு கதையில் காதலின் கவர்ச்சியாக மாற்றப்படுகிறது. முதலாளியின் ஆதிக்கம் அன்பாகத் தோன்றும்போது, வாசகர் அதனை ஏற்கப் பழக்கப்படுகிறார். அதற்கு மாறாக, முத்துப்பழனியின் ராதை எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடுவதில்லை. கோபிக்கிறாள், கேட்கிறாள், பெறுகிறாள். 250 ஆண்டுகளுக்கு முந்தைய அரசவைக் காவியத்தில் மன்னர் காலத்தின் வரம்புகள் உண்டு. ஆயினும் பெண்ணின் விருப்பத்தை மையத்தில் நிறுத்தியதில் அது இன்றைய சந்தைச் சரக்கைவிட முன்னே நிற்கிறது. ‘ராதிகா சாந்த்வனம்’ பெங்குவின் வழியாக ஆங்கிலத்தில் வந்த ஆண்டும் 2011தான். அந்த வரிசையோ கோடிக்கணக்கில் விற்றது. முத்துப்பழனியின் பெயரோ தஞ்சையிலேயே பலர் அறியாதது.

அதே வேளையில், அந்த நாவல்களை விரும்பிப் படிக்கும் பெண்ணை இகழ்வதற்கு யாருக்கும் உரிமையில்லை. நாளெல்லாம் ஆயத்த ஆடை ஆலையிலோ வீட்டு வேலையிலோ உழைத்துக் களைத்த ஒரு பெண், தன்னை ஒருவன் விரும்புகிறான் என்ற கற்பனையில் அரைமணி நேரம் இளைப்பாறுகிறாள் என்றால், கேள்வி கேட்கப்பட வேண்டியது அவளுடைய வாழ்வில் அந்த அரைமணிக்கு வெளியே அன்பும் ஓய்வும் இல்லாமற்செய்த சமூகத்தைத்தான். அவளிடம் பேச வேண்டியதும் அதைத்தான். ‘இதைப் படிக்காதே’ என்று சொல்பவரோடு அவள் உரையாடலை முடித்துக்கொள்வாள். ‘இதில் உனக்குப் பிடித்தது எது?’ என்று கேட்பவரோடுதான் தொடர்வாள்.

எனவே, ஒரு நூலைப் பற்றிக் கருத்து வேறுபாடு எழும்போது மூன்று கேள்விகள் போதும். இதில் பேசுவது யாருடைய குரல்? ஆள்வது யாருடைய அதிகாரம்? இலாபம் யாருக்கு? இவற்றுக்கான விடைகள் வாசகர்களிடையே மாறுபடும், மாறுபடட்டும். கட்சிக் கிளைகளிலும் வாசிப்பு வட்டங்களிலும் பெண் தோழர்கள் அஞ்சாமல் தங்கள் கருத்தைச் சொல்லும் சூழல் உருவாகட்டும். கூச்சத்தைக் காட்டி அவர்களின் வாயை அடைக்கும் ஆண் தோழர் எவரும், தம்மை அறியாமலே வீரேசலிங்கத்தின் பிழையைத் திரும்பச் செய்கிறார். விவாதம் எத்தனை சூடானாலும் அதன் முடிவைக் காவல் நிலையத்திடமோ, தீக்குச்சி ஏந்திய கும்பலிடமோ ஒப்படைக்கக் கூடாது என்பதில் மட்டும் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

கூச்சமும் கண்ணியமும் பெண்களுக்கு மட்டும்தானா என்று நஞ்சன்கூட்டில் பிறந்த ஒரு பெண் கேட்டு நூறாண்டுகளுக்கு மேலாகின்றன. அந்தக் கேள்விக்கு அரசு பிரதிகளைப் பறிமுதல் செய்து விடையளித்தது. முற்போக்கு இயக்கம் அளிக்க வேண்டிய விடை வேறு. முத்துப்பழனியின் காவியம் தமிழிலும் கன்னடத்திலும் நம் கிளைகளின் வாசிப்பு மேசைக்கு வரட்டும். அதைப் பற்றி ஆணும் பெண்ணும் சமமாக அமர்ந்து வாதிடட்டும். நாகரத்தினம்மாளுக்கு மைசூரு மண் செலுத்தக்கூடிய மரியாதை அதுவே.